சனிக்கிழமைக்கு வைத்த திட்டு

பஃபலோ ரோட்டுப் பக்கம் போகிறவர்கள் பாத்திரக்கடை மரியஅந்தோணியைப் பார்க்காமல் போவதில்லை. பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போவதும் இல்லை. பழுப்புக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கையில் ஒரு குக்கர் மூடி, இறுக மூடிய உதடுகள். சிங்கப்பூரில் ஒரு மனிதர் வாயைத் திறக்காமல் நிற்பதாலேயே வியாபாரம் செழிக்கிறது என்றால் அது அந்த ஒரு கடையில்தான்.

அவர் பிறவி ஊமை அல்லர். குரல்தான் அவர் சொத்து. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் வேதவாசகம் வாசிப்பவர் அவர்தான். அவர் வாசிக்கத் தொடங்கினால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து, நம்மைத்தான் சொல்கிறாரோ என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள். மைக் இல்லாமலே வாசிக்கலாம் என்று பங்குத்தந்தை சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பங்குத்தந்தை அதை வேண்டுகோளாகச் சொல்லியிருக்கவும் கூடும்.

வீட்டில் அந்தக் குரலுக்கு வேலை இல்லை. வீட்டில் பேசுகிறவர் அல்போன்சம்மாள். அவர் பேசுவது என்றால் திட்டுவது. திட்டுவது என்றால் வசவு அல்ல, அது ஒரு முழுச் செய்தி அறிக்கை. கட்டில்மேல் கிடக்கும் ஈரத்துண்டில் தொடங்கும். அங்கிருந்து நெத்திலி விலைக்குப் போகும், தன் முட்டிவலிக்குத் திரும்பும், பக்கத்து பிளாக்கில் நடக்கவிருக்கும் கல்யாணத்தை ஒரு சுற்றுச் சுற்றும், கடைசியில் "டீ ஆறுது, குடிங்க" என்று முடியும். மகள் வெரோனிகாவுக்குத் தஞ்சோங் பகாரில் வேலை கிடைத்ததும் மரியஅந்தோணிக்கு ஒரு திட்டின் நடுவில்தான் தெரியவந்தது. மனைவிக்கு மூட்டு மருந்து மாறியதும் அப்படித்தான். முப்பது வருஷத்துக் குடும்ப வாழ்க்கையை அவர் திட்டு வழியாகவே அறிந்திருந்தார். அதை அவர் குறையாக நினைத்ததும் இல்லை, நிறையாக நினைத்ததும் இல்லை. குழாயில் தண்ணீர் வருவதை யார் நினைக்கிறார்கள்?

தண்ணீர் நின்றது வீடியோவால்.

கடைக்கு ஆள் வருவது குறைந்திருந்தது. வருகிறவர்களும் குக்கரைத் தூக்கிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பிறகு அவருடைய வாசலிலேயே, அவருடைய மின்விசிறிக் காற்றிலேயே நின்றுகொண்டு அதே குக்கரை போனில் வேறு எங்கோ வாங்குவார்கள். இதைக் கண்டு மனம் நொந்தவர், சமூக மன்றத்தில் சிறு வியாபாரிகளுக்காக நடந்த இலவச வகுப்புக்குப் போனார். குறைந்த செலவில் நல்ல விளம்பர வீடியோ எடுப்பது எப்படி என்பது பாடம். பாடம் எடுத்தவர் ஜெய் என்ற இளைஞர். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருந்து வரவேண்டும், படம் சுமாராக இருந்தாலும் சத்தம் சுத்தமாக இருக்கவேண்டும், முதல் மூன்று விநாடிக்குள் பார்க்கிறவனைப் பிடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஜெய் கடைசியாக ஒரு பெரிய உண்மையைச் சொன்னார்: "எல்லாத்துக்கும் மேல, ரியலா இருங்க அங்கிள். நடிக்காதீங்க லா."

மரியஅந்தோணி இந்த உபதேசங்களை வேதமாக எடுத்துக்கொண்டார். விற்காமல் கிடந்த, ஒரு பக்கம் ஒடுங்கிய குக்கரின் கைப்பிடி இடுக்கில் போனைச் செருகினார், அது ஸ்டாண்டு. ஐந்தடி நடைபாதையில் விழும் வெயிலைச் சீர்வரிசைத் தாம்பாளம் ஒன்றால் தன் முகத்துக்குத் திருப்பினார்; அது விளக்கு. கடைக்குள் எதிரொலி அடங்க, அரிசிச் சாக்குகளைப் பின்னால் தொங்கவிட்டார். காற்றடித்தால் கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. அவற்றுக்குத் தன் காலுறைகளை மாட்டினார். பக்கத்துப் பூக்கடைத் தனசேகரன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கரண்டிக்குக் குளிருதா?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. கலைஞர்களுக்கு இந்த மாதிரி சமயங்களில் காது கேட்பதில்லை.

குறை எல்லாம் பேச்சில் இருந்தது. "பேரன்புக்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெய்யின் மூன்று விநாடி கடந்து, அடுத்த மூன்று விநாடியும் நடையைக் கட்டியிருக்கும். பேச்சின் பொருளோ துருப்பிடிக்காத எஃகின் தோற்றமும் வளர்ச்சியும். பார்த்தவர்கள் இருவர். ஒருவர் அவர், இன்னொருவர் வேறொரு போனில் அவர்.

மூன்றாவது வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் பேச்சில் எஃகு அப்போதுதான் ஐரோப்பாவை எட்டியிருந்தது. பின்கட்டிலிருந்து அல்போன்சம்மாள் வந்தார்.

"எவ்வளவு நேரமா அந்தக் குக்கர்கிட்டப் பேசிட்டிருக்கீங்க? அது பதில் சொல்லுதா? அந்த அக்கா தட்டைத் தூக்கிட்டு நிக்கறாங்க, வாங்க வந்தாங்களா, பிரசங்கம் கேக்க வந்தாங்களா? குழி ஆழம், ஓட்டை சரியா இருக்கு, கவுத்தா இட்லி ஒடையாம விழும். இத்தன வார்த்தைதான். இதச் சொல்லத் தெரியல, எஃகு எங்க பொறந்துச்சுன்னு ஜாதகம் வாசிக்கிறாரு. வாய் இருக்கற அளவுக்குக் கண்ணு இருந்தா நாம எப்பவோ உருப்பட்டிருப்போம்."

மரியஅந்தோணி திறந்த வாயை மூடினார். கையில் குக்கர் மூடி அப்படியே நின்றது. அந்த முகத்தையும் போன் பதிவு செய்தது.

வெரோனிகா அதை மட்டும் வெட்டி எடுத்து, அப்பாவைக் கேட்காமல் இணையத்தில் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் வாசலில் கூட்டம். இட்லித் தட்டு தீர்ந்தது. இட்லித் தட்டு தீர்ந்த பிறகும் கூட்டம் தீரவில்லை; அம்மா எப்போது திட்டுவார் என்று காத்திருந்தது. ஜெய் நேரில் வந்து கைகுலுக்கினார். "அங்கிள், ஆன்ட்டி சொல்றது சேல்ஸ். ஆனா உங்க மூஞ்சிதான் கண்டென்ட். தயவுசெஞ்சு வாயத் திறந்துறாதீங்க."

அன்றிலிருந்து சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நேரலை. கடையின் நடுவே தரையில் நாடா ஒட்டி அவர் நிற்கவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டார்கள். பேசக்கூடாது. சட்டையை மாற்றக்கூடாது, ஒருமுறை நீலச் சட்டையில் நின்றதற்கு, பழைய அப்பா எங்கே என்று ஜனங்கள் கேட்டுவிட்டார்கள். அதே பழுப்புக் கட்டத் துணியைத் தேக்கா வட்டாரமெல்லாம் தேடி, கிடைக்காமல், தறிக்குச் சொல்லி அனுப்பி வரவழைத்து, அதே மாதிரி தைத்து, கழுத்துப்பட்டை நைந்ததுபோலத் தெரிவதற்குத் தையல்காரரிடம் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. ஆசைப்பட்டு ஒரு நல்ல விளக்கு வாங்கி வந்தார். வெரோனிகா அதைப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். ரொம்ப புரொஃபஷனலா இருந்தா யாரும் நம்பமாட்டாங்கப்பா என்றாள். பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசுவதும் நின்றது. ஒடுங்கிய குக்கருக்கு ஒரு ஆள் புதுக் குக்கரின் விலை தர வந்தும் விற்க அனுமதி கிடைக்கவில்லை. மலிவாகத் தெரிவதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து ஊழியர்கள் வந்தார்கள். பாத்திரம் வாங்கிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "அம்மா, என்னையும் ஒரு வார்த்தை" என்று நிற்பார்கள். அல்போன்சம்மாள் தலை முதல் கால் வரை பார்த்து, என்னடா இப்படி மெலிஞ்சிருக்க, சோத்துக்கு வச்ச காசையும் போன்ல போட்டுட்டியா என்று ஆரம்பிப்பார். பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தோசைக்கல்லும் சேர்த்து வாங்கிப் போவார்கள். வாங்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது கடையின் வழக்கம். முன்பெல்லாம் அவரவர் பெயரை வெட்டச் சொல்வார்கள். இப்போது எல்லோரும் அல்போன்சம்மாள் பெயரை வெட்டச் சொன்னார்கள். சிங்கப்பூரில் எத்தனையோ சமையலறைகளில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. மரியஅந்தோணி பெயரை வெட்டச் சொன்னவர் எவரும் இல்லை.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். வீடு இருந்ததே.

ஒருநாள் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டார். அல்போன்சம்மாள் பார்த்தார். மூச்சை இழுத்தார். மரியஅந்தோணி வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தயாரானார். இழுத்த மூச்சு அப்படியே அடங்கியது.

"வேண்டாம். சனிக்கிழமைக்கு வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். அதன்பிறகு வீட்டில் எந்தக் குற்றத்துக்கும் உடனடித் தண்டனை இல்லை. எல்லாம் ஒத்திவைப்பு. சாப்பிடுறீங்களா, விளக்கை அணைச்சிடவா, அவ்வளவுதான் பேச்சு. மரியாதையாகப் பேசினார். விடுதி அறையில் தங்கியிருக்கும் விருந்தாளியிடம் பேசுவதுபோல இருந்தது. வெரோனிகா யாரையாவது விரும்புகிறாளா, முட்டிக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா, தங்கை மகன் வீடு வாங்கினானா, ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமைத் திட்டில் அந்தச் செய்திகள் வராது. அங்கே துண்டைப் பற்றிச் சொல்லி, அந்தத் துண்டிலிருந்து நேராக வடைச்சட்டிக்குப் போய்விடுவார். ஜனங்களுக்கு அவருடைய முட்டிவலி எதற்கு?

வாயைத் திறக்க மிஞ்சியிருந்த இடம் கோயில். அங்கேயும் ஒரு ஞாயிறு, மனைவி கணவனுக்குப் பணிந்திருக்கவேண்டும் என்ற வாசகம் அமைந்தது. அவர் பீடத்தில் ஏறித் தொண்டையைச் செருமியதுமே முன்வரிசைப் பிள்ளைகள் தோள் குலுங்கினார்கள். சிரிப்பு பாடகர் குழு வரைக்கும் பரவியது. பங்குத்தந்தை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் என்று அன்பாகச் சொன்னார். சங்கிலியைக்கூட அன்பாகப் பூட்டத் தெரிந்தவர்.

ஆகவே மரியஅந்தோணி ஒரு முடிவுக்கு வந்தார். சனிக்கிழமை வரை தாங்காத ஒரு குற்றத்தைச் செய்தாகவேண்டும்.

மாதா சொரூபத்தின் காலடியில் ஈரக் குடையை வைத்தார். சனிக்கிழமைக்கு என்றார் அல்போன்சம்மாள். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினார். காலை டீயை ஒரு வாய் குடித்த அல்போன்சம்மாள் கண்ணை மூடி, மெதுவாக விழுங்கி, கணவரை உற்றுப் பார்த்தார். "நல்ல கண்டென்ட்டுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கணவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் மரியஅந்தோணியால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

கடைசியாக அவர் கை தூக்குவாளியின்மேல் போனது.

அது அல்போன்சம்மாள் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்தது. கழுத்தோரம் 'சூ. அல்போன்சம்மாள்' என்று பெயர் வெட்டியிருக்கும். சூ என்பது அவருடைய அப்பா சூசை. கல்யாணத்துக்குப் பிறகு எல்லாத் தாளிலும் கணவர் பெயர் ஏறிவிட, அப்பாவின் எழுத்து மிஞ்சியிருந்தது அந்த வாளியில் மட்டும்தான். தினமும் கடைக்கு மதியச் சாப்பாடு அதில்தான் வரும். புருஷனை இரவல் கொடுத்தாலும் பெண்கள் பேர் வெட்டின பாத்திரத்தை இரவல் கொடுக்கமாட்டார்கள் என்பது பாத்திரக்கடைக்காரருக்குத் தெரியாததா? அதை ஒளித்துவைப்பது, தேடவிடுவது, வீட்டில் வைத்துத் திட்டு வாங்குவது, பிறகு எடுத்துக் கொடுப்பது. திட்டம் அப்பழுக்கில்லாதது.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும், கழுவிக் கவிழ்த்திருந்த வாளியை எடுத்து, விற்பனைக்கு அடுக்கியிருந்த புது வாளிகளுக்குப் பின்னால் மேல்தட்டில் வைத்தார். பாத்திரக்கடையில் பாத்திரத்தை ஒளிக்கப் பாத்திரங்களைவிட நல்ல இடம் எது? அவருடைய தொழிலில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையைச் செய்யமுடியாது.

மூன்று மணிக்கு நேரலை தொடங்கியது. அவர் நாடாமேல் ஏறி நின்றார். அல்போன்சம்மாள் உப்பு டீயில் தொடங்கினார். கடை குலுங்கியது. அப்போது முடிக்கு நீலச்சாயம் பூசிய ஒரு பெண் மேல்தட்டில் கைவிட்டு வாளியை எடுப்பதை மரியஅந்தோணி கண்டார். அவள் பெயரைப் படித்தாள். சின்ன ஒடுக்கலைத் தடவிப் பார்த்தாள். பழசுபோலவே செய்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்திருக்கவேண்டும். கல்லாவுக்கு எடுத்துப் போனாள்.

"அது..." என்றார் மரியஅந்தோணி.

"என்ன அது இதுன்னு? முப்பது வருஷமா ஒரு வாக்கியத்த முடிக்கத் தெரியல. டீயில உப்பு போடத் தெரியுது."

கூட்டம் சிரித்தது. போன் திரையில் இதயங்கள் பறந்தன. கல்லாவில் இருந்த வெரோனிகா கண்ணை போனில் வைத்துக்கொண்டே வாளியைப் பையில் போட்டாள். அம்மா பெயர் வெட்டிய பாத்திரம் இன்று எத்தனையாவதோ. மரியஅந்தோணி நாடாவை விட்டு ஒரு கால் எடுத்து வைத்தார்.

"எங்க போறீங்க? நிக்கச் சொன்னா நிக்கத் தெரியாதா?"

கால் தானாகத் திரும்பி வந்தது. அது பழகிய கால். வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். நீல முடி வாசலைத் தாண்டியது. அந்த வாரத்து முகம் இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று எல்லோரும் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பாடு கட்டுவதற்காக அல்போன்சம்மாள் வாளியைத் தேடினார். நேற்றே கடையிலிருந்து கொண்டுவந்தேனே, இல்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மரியஅந்தோணி சமையலறை வாசலில் நின்று, ஒளித்ததையும் விற்றுப்போனதையும் சொன்னார்.

அல்போன்சம்மாள் சனிக்கிழமைக்கு என்று சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து, போனை எடுத்து, நேற்றைய நேரலையைப் போட்டார். தன் வீடியோவை அவர் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. வாளி கல்லாவுக்குப் போவதைப் பார்த்தார். கணவரின் காலைப் பார்த்தார், அது திரும்பி வந்ததைப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"நெசமாவே ஏதோ சொல்ல வந்திருக்கீங்க" என்றார்.

"ம்."

"நான் பேசவிடல."

"ம்."

"சொல்லுங்க, ஏன் ஒளிச்சீங்க?"

மரியஅந்தோணி தொண்டையைச் செருமினார். வாசகம் வாசிக்கும் குரல் வரவில்லை. "வீட்டுல நீ பேசறதே இல்ல, அல்போன்ஸு. உன் முட்டி எப்படி இருக்குன்னுகூட எனக்குத் தெரியல" என்றார்.

அல்போன்சம்மாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடங்கினார். முட்டியப் பத்திக் கேக்கறதுக்கு வாளிய எதுக்கு ஒளிக்கணும், வாய் எதுக்கு இருக்கு, கோயில்ல ஊருக்கே கேக்கற வாய் வீட்டுக்குள்ள வந்தா பூட்டிக்குமா என்று ஆரம்பித்து, அப்பா அந்த வாளியை எந்தக் கடையில் எப்படிப் பேரம் பேசி வாங்கினார் என்பதற்குப் போய், அடுத்த மாதம் முட்டிக்கு ஸ்கேன் இருக்கிறது என்பதைத் தொட்டு, வெரோனிகா அந்த ஜெய்யோடு மூன்று தடவை சினிமாவுக்குப் போயிருக்கிறாள் என்பதில் வந்து நின்றார். மரியஅந்தோணி நாற்காலியில் மழையில் நனைகிறவர்போல உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு வெரோனிகா அறையிலிருந்து போனோடு ஓடிவந்தாள்.

"போன உள்ள வை" என்றார் மரியஅந்தோணி.

அது வாசகக் குரல். வெரோனிகா வைத்தாள். அல்போன்சம்மாள் ஒரு கணம் நிறுத்தி, கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வாளியை மீட்க வீடியோதான் வழி. என் தப்பு, நானே பேசுகிறேன் என்று மரியஅந்தோணி கேட்டு வாங்கிக்கொண்டார். "பேரன்புக்குரிய நீலமுடிச் சகோதரியே" என்று தொடங்கிச் சீர்வரிசைப் பாத்திரங்களின் மாண்பை விளக்கினார். பார்த்தவர்கள் இருவர். மறுநாள் அல்போன்சம்மாள் போனைப் பார்த்து, "ஏய் நீலமுடி, அது எங்கப்பா வாங்கித் தந்தது, கொண்டா" என்றார். சாயங்காலமே ரக்ஷனா என்ற அந்தப் பெண் வந்து நின்றாள். வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவள் அம்மா அதில் கேசரி நிரப்பி அனுப்பியிருந்தார். அவளையும் ஒரு பாட்டம் திட்டி, ஒரு புது வாளியில் பெயர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அதையும் வெரோனிகா படம் பிடித்தாள். அது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஓடியது. நாடாவைப் புதிதாக ஒட்டினார்கள். சட்டை இன்னும் நாலு தைக்கக் கொடுத்தார்கள்.

ஆனால் வீட்டில் ஒத்திவைப்பு நின்றது. செவ்வாய்க்கிழமை காலை அவர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டார். அல்போன்சம்மாள் மூச்சை இழுத்தார், அடக்கவில்லை. துண்டு, கட்டில், மெத்தையின் வயது, மெத்தை வாங்கப் போன அன்று பெய்த மழை என்று திட்டு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை வரை போகாத, தனக்கென்றே வந்த திட்டு. மரியஅந்தோணி கட்டில் ஓரத்தில் நிறைவாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மெத்தையில் மழை சொட்டிய கதையைக் கேட்டு மரியஅந்தோணிக்கே சிரிப்பு வந்தது. ஜன்னல் வெளிச்சம் அல்போன்சம்மாளின் முகத்துக்கு முன்னாலிருந்து விழுவதைக் கவனித்தார். மின்விசிறியை அணைத்தால் சத்தம் இன்னும் சுத்தமாக இருக்கும். அலமாரிமேல் போனைச் சாய்த்து வைத்தால் இரண்டு பேரும் அடங்குவோம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, தன் உதடுகள் இறுக மூடியிருப்பதும், வலக்கை இல்லாத குக்கர் மூடி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரிந்தன.